பதினொன்றாம் எண் சட்டை

பிப்ரவரி 11

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. நானும் இவளும் இங்கே சுகம். நீ, அத்தான், மருமகன் மூன்று பேரும் சுகந்தானே? போனில் பேசினால் உனக்கு அழுகை வந்துவிடுகிறது, எனக்குப் பேச்சு வர மாட்டேன் என்கிறது. நமக்குக் கடிதம்தான் சரி.

தேசியக் கால்பந்து அணிக்கு மறுபடியும் என்னையே பயிற்சியாளராகப் போட்டிருக்கிறார்கள். வேறு யாரும் அகப்படவில்லை என்பது என் ஊகம். தகுதிச் சுற்றில் எங்கள் பிரிவில் நான்கு அணிகள். ஒவ்வொரு அணியோடும் ஒரே ஓர் ஆட்டம். முதல் இரண்டு இடத்தில் வருகிறவர்கள் மேலே போகலாம். இரண்டு அணிகள் நம்மைப் போல ஏழைபாழைகள். மூன்றாவது, நீ குடியேறிய நாடு. அந்த ஆட்டம் நவம்பரில், உன் ஊரில்.

போன தடவை அவர்களிடம் எட்டு கோல் வாங்கினோம், நினைவிருக்கிறதா? எங்கள் ரைட் பேக் பிழைப்புக்கு பஸ் கண்டக்டர். மறுநாள் பஸ்ஸில் ஏறியவர்கள் எல்லாம் அவனிடம், "எட்டு டிக்கெட் குடுப்பா" என்று கேட்டுச் சிரித்தார்களாம். ஒரு வாரம் விடுப்பு போட்டுவிட்டான். இன்னொரு முறை அவனை அப்படி பஸ்ஸில் ஏறவிட மாட்டேன். எனக்கு இந்த வருஷம் அது ஒன்றுதான் கவலை. மத்தியானம் கண் அசந்தால்கூட மைதானம்தான் வருகிறது. யாருமே இல்லாத மைதானம், பந்து மட்டும் தானாக உருள்கிறது.

அந்த நாட்டு அணியின் பயிற்சிச் சட்டைகள் உன் சலவைக்கூடத்துக்கு வருவதாக முன்பு எழுதியிருந்தாயே. எந்த எண்ணில் எங்கே அழுக்கு என்று எனக்கு எழுதுவாயா? உளவு என்று நினைக்காதே. அடுத்த வீட்டு வம்பு எழுதுகிற மாதிரி எழுது.

இன்னொன்று. மருமகன் அங்கே கிளப்பில் லெஃப்ட் விங்கில் பிரமாதமாக ஆடுகிறானாமே. இங்கே பிறந்தவன், நமக்கு ஆட அவனுக்கு உரிமை உண்டு. பதினொன்றாம் எண்ணை அவனுக்காகவே காலியாக வைத்திருக்கிறேன். கேட்டுச் சொல். அவன் காது எப்படி இருக்கிறது? நாலு வயதில் அந்தக் காய்ச்சலோடு அவனைத் தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினது நேற்று மாதிரி இருக்கிறது. இடது காது கொஞ்சமாவது கேட்கிறதா?

உன் பதிலுக்கு வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கும்,
தம்பி


மார்ச் 2

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். எனக்கு முழங்கால் வலி, அத்தானுக்கு வழக்கமான முணுமுணுப்பு, மகனுக்கு நல்ல பசி. ஆக எல்லோரும் நலம். உனக்கும் அவளுக்கும் உடம்பு எப்படி?

போயும் போயும் ஊரார் அழுக்கைக் கேட்டு எழுதுகிற பயிற்சியாளரை இப்போதுதான் பார்க்கிறேன். இருந்தாலும் தம்பி கேட்டு இல்லையென்று சொல்ல முடியுமா? கேள்.

இங்கே முகாமிலும் ஆளுக்கொரு நிரந்தர எண். நாலாம் எண்காரனுக்கு வலது இடுப்பில் மட்டும் புல் கறை. இடது இடுப்பு, கடையில் வாங்கின அன்று இருந்தது போல. ஏழுக்குக் காலர் ஈரமே ஆகாது. பாதி ஆட்டத்துக்கு மேல் ஓடமாட்டான் போல. ஒன்பதுக்கு முதுகில் தையல் விடாமல் வந்த நாளே இல்லை. எல்லோரும் அவனைப் பிடித்து இழுக்கிறார்கள். ஆறு, கையிலேயே மூக்கைத் துடைக்கிறான். வளர்த்த விதம்.

உலர்த்துகிற அறையில் மின்விசிறி போட்டதும் அத்தனை சட்டையும் ஒன்றாக மூச்சு விடும். ஆவியில் எதிர்ச்சுவர் தெரியாது. நடுவில் நின்றால் ஆள் இல்லாத ஒரு அணி என்னைச் சுற்றி மெதுவாக ஆடிக்கொண்டிருக்கும். எனக்கு அந்த நேரம் பிடிக்கும்.

மகனிடம் நீ சொன்னதைச் சொன்னேன். "பார்க்கலாம்மா" என்றான். இடது காதில் இடி விழுந்தாலும் கேட்காது. கிளப்பில் ஒருவருக்கும் தெரியாது. டாக்டர் காதருகே கைக்கடிகாரத்தைப் பிடித்துச் சோதித்தாராம். எதிரே ஜன்னல் கண்ணாடியில் அவர் கை தெரிந்ததாம். "கேக்குது டாக்டர்" என்றானாம் இந்தத் திருடன். தெரிந்தால் அன்றோடு ஆட்டம் முடிந்தது. நீயும் மறந்துபோய் வாயைத் திறந்துவிடாதே.

அவளை அதட்டாமல் இரு.

அக்கா


மார்ச் 26

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் சுகம். முழங்காலுக்குச் சூடாக ஒத்தடம் கொடு. சலவைக்கூடத்தில் வெந்நீருக்கா பஞ்சம்?

உன் கடிதத்தைக் கரும்பலகைக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறேன். நாலாம் எண் வலது பக்கம்தான் சறுக்கி விழுவான் என்றால், அவனுக்கு இடது பக்கம் பந்தைக் கொண்டுபோக வேண்டும். ஏழு களைத்துவிடுவான் என்றால், இரண்டாம் பாதியில் அந்தப் பக்கம் நமக்குத் திறந்த வீடு.

ஆனால் அதற்கு முன்னால் நாம் உயிரோடு இருக்க வேண்டுமே! எட்டு கோல் ஏன் விழுந்தது என்று யோசித்துப் பார்த்தேன். மானம் பார்த்ததால் விழுந்தது. நாலு பேரை முன்னால் அனுப்பிவிட்டுப் பின்னால் வீட்டைத் திறந்துபோட்டோம். பலசாலியிடம் அது ஆகாது. இனி ஐந்து பேர் பின்னால், நாலு பேர் அவர்களுக்கு முன்னால், ஒற்றை ஆள் மட்டும் முன்னே. பந்து அவர்களிடமே இருக்கட்டும். இடத்தை மட்டும் நாம் வைத்துக்கொள்வோம். கால்பந்துச் சங்கத்தில் இதைச் சொன்னேன். "இதுக்குப் பேரு ஆட்டமா? ஒளிஞ்சுக்கிறதா?" என்று தலைவர் கேட்டார். வீட்டில் இவளும் விடவில்லை. "அஞ்சு பேரு பின்னாடி நின்னா யாரு கோல் போடுவா? நானா?" என்கிறாள்.

பின்னால் நிற்கிற ஐந்து பேரையும் இடுப்பில் ஒரே கயிற்றால் கட்டிவிட்டேன். ஒருவன் நகர்ந்தால் ஐந்து பேரும் நகர வேண்டும். விடியற்காலைப் பனியில் முழங்காலுக்குக் கீழே யாருக்கும் ஒன்றும் தெரிவதில்லை. இடமும் வலமுமாக மிதந்து போகிறார்கள். கண்டக்டர் முன்னே, கணக்கு வாத்தியார் நடுவே, ரொட்டிக்கடைக்காரர் கடைசியில். பார்த்துக்கொண்டே நின்றால் எனக்கே நான் விழித்திருக்கிறேனா என்று சந்தேகம் வந்துவிடுகிறது.

மருமகன் என்ன சொன்னான்? "பார்க்கலாம்" என்றால் வருகிற பார்க்கலாமா, வராத பார்க்கலாமா?

தம்பி


ஏப்ரல் 21

அன்புத் தம்பிக்கு,

நானும் அத்தானும் நலம். உங்கள் இருவர் நலமும் எழுது.

இந்த மாதம் இங்கே மழை. சட்டை எல்லாம் சேறு. இரண்டாம் எண்காரன் முழங்கையில் விழுகிறான். மூன்று அழகன், தலைமுடி எண்ணெய் காலரில் பிசுபிசுக்கிறது, பந்தைத் தலையால் தொடவே மாட்டான் என்று தோன்றுகிறது. ஐந்துக்கு நெஞ்சில் பந்தின் வட்டம் அப்படியே அச்சுப் போட்டது மாதிரி வருகிறது. எட்டு ஓயாமல் ஓடுகிறவன். பிழிந்தால் ஒரு வாளி. பத்து இப்போதெல்லாம் சட்டையை வாயில் கடிக்கிறான், ஏதோ கவலை.

உன் ஆட்களைக் கயிற்றில் கட்டினாய் என்று அத்தானிடம் சொன்னேன். "உன் தம்பிக்கு மாடு மேய்க்கிற உத்தியோகம்தான் பொருத்தம்" என்றார். நான் மூன்று நாள் அவரோடு பேசவில்லை.

வேலைக்கு நேரமாகிறது.

அக்கா


ஜூன் 9

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே யாவரும் சுகம். அங்கே?

முதல் ஆட்டம் ஜெயித்துவிட்டோம்! ஒன்றுக்குச் சைபர். எண்பது நிமிஷம் பின்னாலேயே நின்றோம். கூட்டம் எங்களையே ஏசியது. பிறகு ஒரே ஒரு கார்னர், வாத்தியார் தலையால் ஒரு முட்டு, முடிந்தது. மறுநாள் கண்டக்டர் பஸ்ஸில் ஏறியதும் ஒரு கிழவர் எழுந்து தன் இடத்தைக் கொடுத்தாராம். "நான் கண்டக்டர் சார், உக்காரக் கூடாது" என்றானாம் இவன். சொல்லும்போது கண் கலங்கிவிட்டது அவனுக்கு.

அக்கா, உன் கடிதங்களை நேற்று வரிசையாக வைத்துப் பார்த்தேன். இரண்டு முதல் பத்து வரை எல்லாச் சட்டையும் இருக்கிறது. பதினொன்று மட்டும் எதிலும் இல்லை. பதினொன்று அழுக்கே ஆவதில்லையா? போன கடிதத்தில் நீயும் அத்தானும் நலம் என்று எழுதியிருக்கிறாய். மருமகனைக் காணோம்.

எனக்கு எதிராளியைப் படிப்பதுதான் வேலை. ஆனாலும் உன்னை அப்படிப் படிக்க வேண்டியிருக்கிறதே என்று வருத்தமாக இருக்கிறது. நீயாகச் சொல்.

தம்பி


ஜூலை 17

அக்காவுக்கு,

சுகம். நான் எழுதி ஐந்து வாரம் ஆகிறது, பதில் இல்லை. உனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லையே? கோபம் எனக்கு இல்லை. உனக்கு இருந்தால் திட்டியாவது இரண்டு வரி எழுது.

தம்பி


ஆகஸ்ட் 20

அன்புத் தம்பிக்கு,

நான் நலம். அத்தான் நலம். என் மகனும் நலம்.

மார்ச்சிலேயே சொல்லியிருக்க வேண்டும். அந்த மாதம் ஒரு நாள் வண்டியிலிருந்து மூட்டையை இறக்கிப் பிரித்தால் பதினொன்றாம் எண் சட்டையில் எங்கள் வீட்டுச் சோப்பு வாசனை. நான் கட்டிக்கொடுத்த துவாலை அதற்குள் சுருட்டி இருந்தது. முகாமுக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று அவன் எங்களிடமே சொல்லவில்லை. என்னிடம் சொன்னால் உன்னிடம் போய்விடும் என்று பயந்திருக்கிறான்.

சாயங்காலம் வந்ததும் கேட்டேன். "மாமா எடம் வச்சிருக்காருடா" என்றேன். "அம்மா, மாமா ஊரு எனக்கு போட்டோலதான் ஞாபகம் இருக்கு. பந்து உதைக்கக் கத்துக்கிட்டது இந்தத் தெருவுலம்மா" என்றான். நாங்கள்தானே அவனை ஆறு வயதில் இங்கே கூட்டிக்கொண்டு வந்தோம்? இப்போது யாரைக் குற்றம் சொல்ல?

மற்றவர்கள் பிள்ளைகளின் அழுக்கை உனக்குச் சந்தோஷமாக எழுதினேன். என் பிள்ளையுடையதை மறைத்தேன். வெட்கமாக இருக்கிறது. ஒரு பக்கம் உன் அணி, ஒரு பக்கம் அவன். நான் எந்தப் பக்கம் நிற்பது என்று நீயாவது சொல்.

அக்கா


செப்டம்பர் 12

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம். உங்கள் மூவர் சுகத்துக்கும் என் அன்பு.

நீ உன் பிள்ளை பக்கம் நில். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? பதினொன்றாம் எண்ணை இங்கே ஒரு தபால்காரருக்குக் கொடுத்துவிட்டேன். அவரும் ஓடுவார், வாசல் வாசலாக ஓடிப் பழக்கம். இனிச் சட்டைகளைப் பற்றி ஒரு வரியும் எழுதாதே.

இரண்டாவது ஆட்டம் சமன். நவம்பரில் உன் ஊரில் இன்னொரு சமன் கிடைத்தால் போதும், மேலே போய்விடுவோம். இந்த நாட்டில் இதுவரை யாரும் பார்க்காத சமாசாரம். தெருவில் என்னைப் பார்த்து வணக்கம் சொல்கிறார்கள். திரும்பிப் பார்க்கிறேன், என் பின்னால் யாரோ பெரிய மனிதர் வருகிறார் என்று.

நேற்று மத்தியானம் பலகையில் பதினொன்றுக்கான திட்டத்தைப் போட்டேன். எல்லா அணிகளும் அவனை இடது கோட்டுப் பக்கமாகத் தள்ளுகின்றன. கோட்டை ஒட்டியே ஓடுவது அவன் பாணி என்று பத்திரிகைகளில் எழுதுகிறார்கள். அவனை உள்ளே விட்டுவிட்டு, நம் கண்டக்டர் கோட்டுப் பக்கத்திலிருந்து, அவன் இடது பின்புறமாக வந்தால் என்ன என்று ஒரு அம்பு போட்டேன். அந்த அம்பைப் பார்த்தபடி வெகுநேரம் நின்றேன். வெயில் பலகையின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்குப் போய்விட்டது. பிறகு அழித்தேன். கண்டக்டர், "ஏன் சார் அழிச்சீங்க? நல்லாத்தானே இருந்துச்சு" என்றான்.

இதற்கு மேல் ஆட்டத்தைப் பற்றி உனக்கு எழுத மாட்டேன்.

தம்பி


அக்டோபர் 15

அன்புத் தம்பிக்கு,

மூவரும் நலம். நீங்கள் இருவரும் நலமாக இருக்க வேண்டும்.

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். உன்னிடம் நான் எதுவும் கேட்கவில்லை. அந்தப் பத்துப் பதினைந்து பேரும் உன்னை நம்பி வருகிறார்கள். நீ உன் வேலையைத்தான் செய்ய வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை மகன் வீட்டுக்கு வந்திருந்தான். சாப்பிட்டுவிட்டுக் கூடத்தில் படுத்துவிட்டான். வலது காதைத் தலையணையில் வைத்துத் தூங்கினால் அவனுக்கு உலகமே கிடையாது. வாசல் மணி அடித்தது, அத்தான் பாத்திரத்தைப் போட்டு உடைத்தார், அசையவே இல்லை. முகத்தில் ஒரு சிரிப்பு. குழந்தையில் சிரித்த அதே சிரிப்பு. தண்ணீருக்கடியில் படுத்திருக்கிறவனைப் பார்ப்பது போல நான் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். தோளைத் தொட்டால் மட்டும் விழிப்பான். சட்டென்று உலுக்கினால் திடுக்கிட்டு எதிலாவது இடித்துக்கொள்வான். சின்ன வயதில் அப்படித்தானே நெற்றியில் தையல் போட்டோம்?

வேறு விசேஷம் இல்லை. இங்கே வரும்போது கம்பளிச் சட்டை எடுத்து வா, குளிர் அதிகம்.

அக்கா


நவம்பர் 23

தம்பிக்கு,

எல்லோரும் நலம். உன் நலம் தெரியவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

ஆட்டத்துக்கு முந்தின நாள் உன் ஹோட்டலில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். வரவேற்பில் இருந்த பெண் உன் அறைக்குப் பேசிவிட்டு, "ஓய்வில் இருக்கிறார்" என்றாள். பதினாறு வருஷம் கழித்து ஒரே ஊரில் இருந்தோம். நான் கீழே, நீ நாலாவது மாடியில். கோபமாக வந்தது. வாசலுக்கு வந்து அண்ணாந்து பார்த்தேன். ஒரு ஜன்னலில் திரை அசைந்தது. நீதானே?

சலவைக்கூடக்காரர்களுக்கு மேல் படியில் இடம் கொடுத்தார்கள். மழையில் உன் ஐந்து பேரும் ஒன்றாக இடம் போனார்கள், ஒன்றாக வலம் வந்தார்கள். கயிறு இல்லையே, எனக்கு மட்டும் கயிறு தெரிந்தது. இந்த ஊர்க்காரர்கள் கத்திக் கத்தி அலுத்துப் போனார்கள். எண்பத்து மூன்றாவது நிமிஷம் வரைக்கும் நீ ஜெயித்துக்கொண்டிருந்தாய் என்றுதான் சொல்வேன். பிறகு மகன் ஒரே திரும்பு திரும்பினான். கோல். பக்கத்தில் எல்லோரும் எழுந்து குதித்தார்கள். நான் எழுந்திருக்கவில்லை. கைதட்டவும் முடியவில்லை, அழவும் முடியவில்லை.

திங்கட்கிழமை மூட்டை வந்தது. பதினொன்றில் இடது தோளில் சேற்றுக் கை. ஒன்றன்மேல் ஒன்றாக, எண்ண முடியாத அளவுக்கு. வேறு எங்கேயும் இல்லை. இடது தோளில் மட்டும். இன்னும் ஊறப்போடவில்லை.

என்ன செய்தாய் தம்பி? சொல்.

அக்கா


டிசம்பர் 8

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம். இவளும் சுகம். ஜன்னலில் நின்றது நான்தான். இறங்கி வந்திருந்தாலும் பிள்ளையை விட்டுவிடு என்று நீ கேட்க மாட்டாய், எனக்குத் தெரியும். நீ கேட்காமல் நிற்பதைப் பார்க்கத் தெம்பில்லை.

என்னைப் பயிற்சியாளர் வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள். தோற்றதற்காக இல்லை. ஒரு கோலில் தோற்றதற்குத் தெருவில் மாலை போடத் தயாராகத்தான் இருந்தார்கள். மூன்றாம் நாள் பத்திரிகையில் ஒரு படம் வந்தது. நம் கண்டக்டரின் கை, மருமகன் தோளில். கீழே, "எதிராளியோடு கொஞ்சல்" என்று போட்டிருந்தான். பிறகு படம் படமாகப் போட்டான், எல்லாவற்றிலும் அதே கை. கண்டக்டர் விலை போய்விட்டான் என்று பேச்சு. இப்போது பஸ்ஸில் ஏறுகிறவன் எல்லாம் அவன் தோளில் கை வைத்துவிட்டு ஏறுகிறான். எட்டு டிக்கெட் எவ்வளவோ தேவலை, அக்கா.

சங்கத்தில் விசாரணை வைத்தார்கள். "நான்தான் தொடச் சொன்னேன்" என்றேன். "எதுக்கு?" என்று கேட்டார் தலைவர். "சொல்ல முடியாது" என்றேன். அவ்வளவுதான். கண்டக்டரை அணியிலிருந்தே நீக்கிவிட்டார்கள். அவனைக் காப்பாற்ற முடியவில்லை.

நீ கேட்டதற்குப் பதில் வேண்டாம். சட்டையைத் துவைத்துவிடு. மருமகனிடம் கோல் நன்றாக இருந்தது என்று சொல். உண்மையிலேயே நன்றாக இருந்தது.

தம்பி


ஜனவரி 4

மாமாவுக்கு வணக்கம்,

உங்கள் மருமகன். நீங்களும் அத்தையும் சௌக்கியமா? இந்த எழுத்தில் எழுதி ரொம்ப நாள் ஆயிற்று. தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. மேசை மேல் கிடந்த உங்கள் கடிதங்களை நானே எடுத்துப் படித்தேன்.

அன்றைக்கு நடந்ததைச் சொல்கிறேன். யாருமே என்னை உள்ளே விடமாட்டார்கள். உங்கள் ஆட்கள் விட்டார்கள். எனக்குப் பயம் வந்துவிட்டது. இடது பக்கம் கோடு இருந்தால் அது எனக்குச் சுவர் மாதிரி. சுவரிலிருந்து யாரும் வரமாட்டார்கள். உள்ளே வந்தால் சுவர் இல்லை. மாமாவுக்குத் தெரியும், மாமா என்னை முடிக்கப் போகிறார் என்று நினைத்தேன். உங்களை வெறுத்தேன்.

அப்போது தோளில் கை பட்டது. பட்டபிறகுதான் கால் வந்தது. முதல் இரண்டு தடவையும் திடுக்கிட்டேன். மூன்றாவது தடவை புரிந்தது. ஒவ்வொரு தடவையும் எனக்குச் சொல்லிவிட்டுத்தான் அவர் வருகிறார். அந்த மழையில், அத்தனை பேர் கத்துகிற இடத்தில், யாரோ என்னைத் தூக்கத்திலிருந்து மெதுவாக எழுப்புகிற மாதிரி இருந்தது. அப்படியும் பந்தைப் பறித்துக்கொண்டுதான் இருந்தார். நல்ல ஆட்டக்காரர்.

கடைசியில் நான் அந்தக் கைக்காகக் காத்திருந்தேன். கை பட்டதும் அவர் எங்கே நிற்கிறார் என்று தெரிந்துவிட்டது. எதிர்ப்பக்கம் திரும்பினேன். கோல் வலை மட்டும்தான் எதிரே இருந்தது. மாமா, எனக்கு அடிபடக் கூடாது என்று தொட்ட கையை ஏமாற்றித்தான் நான் அந்தக் கோலைப் போட்டேன். எல்லோரும் என்னைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். நான் கண்டக்டரைத் திரும்பித் திரும்பிப் பார்த்தேன்.

விசில் அடித்த பிறகு கண்டக்டர் என்னிடம் வந்தார். நேராக வரவில்லை. சுற்றிக்கொண்டு என் வலது பக்கம் வந்து நின்று, "நல்லா ஆடினே தம்பி" என்றார். நீங்கள் அவரிடம் காரணம் சொன்னீர்களா என்று எனக்குத் தெரியாது. ஆனால் அவருக்குத் தெரிந்திருக்கிறது. உங்கள் சங்கம் அத்தனை பேச்சுப் பேசியும் அவர் வாயைத் திறக்கவில்லை. நீங்களும் திறக்கவில்லை. இரண்டு பெரியவர்கள் எனக்காகத் திருடன் பட்டம் சுமக்கிறீர்கள். நான் இங்கே கதாநாயகன்.

நேற்று எங்கள் பயிற்சியாளர் அறைக்குப் போனேன். அவர் இடது பக்கம் நாற்காலியைக் காட்டினார். நான் வலது பக்க நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். டாக்டர் பார்க்கும் வரை அணியில் இல்லை. அதற்குப் பிறகும் இருப்பேனா என்று யாருக்கும் தெரியவில்லை. உங்கள் சங்கத் தலைவருக்கும், அந்தப் படத்தைப் போட்ட பத்திரிகைக்கும் கடிதம் அனுப்பிவிட்டேன். காய்ச்சல் வந்த வருஷம் முதல் கைக்கடிகாரம் வரைக்கும் எழுதிவிட்டேன். அம்மாதான் உறையில் தபால்தலை ஒட்டினாள். வேண்டாம் என்று சொல்லவில்லை.

உங்களைத் திரும்பக் கூப்பிடுவார்கள். கூப்பிடாவிட்டால் அவர்களுக்கு நட்டம். என்னையும் இவர்கள் வைத்துக்கொண்டால், நாம் மறுபடி எதிரெதிரே வருவோம். அன்றைக்கு அதே அம்பைப் போடுங்கள் மாமா. கண்டக்டரை அதே பக்கத்திலிருந்து வரச் சொல்லுங்கள். தொட வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிடுங்கள். எனக்குக் கேட்காது. பார்த்துக்கொள்கிறேன்.

உங்கள் மருமகன்